கச்சான் வெயிலில் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: நிலாவெளியில் தோட்டம் செய்கிறேன். காவலுக்கு அல்சேசன் கலப்பு நாய் ஒன்று நிற்கிறது. மூன்று வயது, 25 கிலோ. போன கிழமை காலை பத்து மணிக்கு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பதினொன்றரை போலப் பின்னங்கால் தள்ளாடி, நுரையாகச் சத்தி எடுத்து விழுந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் தெளிந்தது. விடுமுறையில் பிள்ளைகள் அதைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கேட்கிறார்கள். போகலாமா? மயிரை ஒட்ட வழித்துவிட்டால் சூடு குறையுமா?

பதில்: ஐயா, உங்கள் நாய்க்கு வந்தது வெப்பத் தாக்கம். எழும்பி நடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகமும் குடலும் பட்ட அடி இரண்டு மூன்று நாள் பிந்தியும் தெரியலாம். சிறுநீர் கறுத்துப் போவது, மலத்தில் இரத்தம், சாப்பாட்டில் நாட்டமின்மை இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு தடவை காட்டி, அவர் சரி என்ற பிறகு கடற்கரைக்குப் போகலாம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றதெல்லாம் நாக்கை நீட்டி மூச்சு இளைத்துத்தான் தணிக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும்போது 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்தச் சூட்டுக் காற்றையே உள்ளே இழுத்து இளைக்கும்போது உடம்பு தணிவது கடினம். போதாததற்கு, லான்ட்மாஸ்டர் பெட்டியின் தகடு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். ஏற்றியே ஆகவேண்டும் என்றால் நனைத்த சாக்கை இரண்டாக மடித்து விரித்து, மேலே நிழல் கட்டுங்கள்.

மயிரை வழிக்காதீர்கள். அல்சேசனுக்கு இரண்டு அடுக்கு மயிர். மேல் அடுக்கு வெயிலைத் தடுக்கிறது. அதை எடுத்தால் தோல் வேகும். உள்ளே செத்துக் கிடக்கும் பஞ்சு மயிரைச் சீப்பால் கிழமைக்கு இரண்டு தடவை வாரி எடுத்தாலே காற்றுப் போகும்.

போகும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். விடிந்ததும் போய் ஏழரைக்குள் திரும்புங்கள். நமது கரையில் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும், எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். பின்னேரம் என்றால் ஐந்தரைக்குப் பிறகு. புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத மணலில் நாயின் பாதம் கொப்பளிக்கும்.

25 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒன்றரை லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். கடற்கரைக்கு மூன்று லீற்றர் எடுத்துப்போய், கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் சத்தியும் கழிச்சலும் பிடிக்கும். வீடு வந்ததும் கிணற்று நீரில் கழுவி, காதையும் விரலிடுக்கையும் துடைத்துவிடுங்கள். அப்படியே உண்ணியும் பார்த்துவிடலாம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்க்குப் பூசவே கூடாது.

கரைவலை இழுக்கிற இடத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். வலையில் வரும் பேத்தை மீனை மணலில் எறிந்துவிடுவார்கள். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய் சத்தி எடுக்கும், கால் சோரும், பிறகு மூச்சே நின்றுபோகும். இதற்காகவே கையில் நல்ல பட்டி இருக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு நாயின் நாக்கைப் பார்க்கப் பழக்குங்கள். நாக்கு நுனி அகப்பை போல அகன்று, ஓரம் மேலே சுருண்டால் உடனே விளையாட்டை நிறுத்தி நிழலுக்குப் போகவேண்டும். பல் முரசு இரத்தச் சிவப்பாகி, எச்சில் கயிறாகத் தொங்கினால் அபாயம். நாய் தானாக நிற்காது. பிள்ளை பந்தை எறியும்வரை அதுவும் விழும்வரை ஓடும்.

விழுந்துவிட்டால் நிழலில் கிடத்தி, கிணற்று நீரோ குழாய் நீரோ, கையில் கிடைத்ததை வயிறு, தொடையிடுக்கு, கழுத்து எல்லாம் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் தேடி ஓடி நேரத்தை விடவேண்டாம். ஈரத் துவாயால் போர்த்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. சிறிது நேரத்தில் துவாய் சூடாகி உள்ளே வெப்பத்தை அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். இது காய்ச்சல் அல்ல, பனடோல் கொடுக்காதீர்கள். பாமசியில் விற்கும் டிஜிட்டல் வெப்பமானியில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்துப் பாருங்கள். 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும் வழியில் வாகன யன்னல் திறந்திருக்கட்டும்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே நாயைக் கொண்டுபோக முடியாது. நீங்கள் படகில் போய்வரும்வரை வானுக்குள் விட்டுப்போகலாம் என்றும் நினைக்காதீர்கள். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் பத்துப் பாகை ஏறும். அன்றைக்கு நாய் வீட்டு வேப்பமர நிழலிலேயே நிற்கட்டும், பக்கத்தில் இரண்டு சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஒன்று தட்டுப்பட்டுக் கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்.