முதலில் ஜெயில் வாசல், அறக்கட்டளை அப்புறம்

கேள்வி: காட்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். லெந்து என்கிற தவக்காலத்தில் எங்கள் ஆயர் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுத்து, காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போவது பற்றிப் பிரசங்கம் செய்தார். அன்றிலிருந்து வேலூர் தொரப்பாடி ஜெயிலில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து அறக்கட்டளை தொடங்க நினைக்கிறோம். ஆனால் கோர்ட், ஜெயில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. "வேண்டாத வேலை" என்கிறார் கணவர். தொடங்கலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: தொடங்குங்கள் சகோதரி. அறக்கட்டளை மட்டும் ஒரு வருஷம் பொறுக்கட்டும்.

நாலு பேர் கூடினால் நம் ஊரில் முதலில் நடப்பது பெயர் வைப்பதும் ரப்பர் ஸ்டாம்ப் செய்வதும்தான். அடுத்து, யார் பொருளாளர் என்பதில் ஒரு மனஸ்தாபம். சங்கமாகப் பதிய ஏழு பேராவது வேண்டும். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியலாம். பிறகு பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஆடிட்டர். இதில் எதுவும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தபின் செய்தால் போதும். நடுவில் யாராவது வெளிநாட்டு அமைப்பிடம் பணம் வாங்கித் தருகிறேன் என்று வந்தால், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் தொடாதீர்கள்.

அனுபவம் இல்லையே என்கிறீர்கள். இன்று நாடு முழுக்கக் கைதிகளுக்காக வேலை செய்யும் கத்தோலிக்க அமைப்பான 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா'வை 1981-ல் தொடங்கியவர்கள் கோட்டயம் வடவாத்தூர் குருமடத்தில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் இரண்டு பேர். அவர்கள் மட்டும் எந்த ஜெயிலைப் பார்த்திருப்பார்கள்?

உள்ளே போக அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போய்வரும் குழு எது என்று உங்கள் ஆயரிடம் கேட்டு, அவர்களோடு சேர்ந்து போங்கள். அதற்குக் காத்திருக்கும் நாளில் ஜெயில் வாசலுக்குப் போகலாம். அங்கே நிற்க யாருடைய தயவும் தேவையில்லை.

மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வருகிறவர்களைக் கவனியுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, இடுப்பில் பிள்ளையும் கையில் ஒயர் கூடையுமாக ஒரு பெண் வந்திருப்பாள். ஆதார் ஜெராக்ஸ் இருக்காது. புருஷன் கேஸ் எந்தக் கோர்ட்டில் என்று கேட்டால், "வக்கீலுக்குத்தான் தெரியும்" என்பாள். வக்கீல் போனை எடுத்து மாசக்கணக்காகியிருக்கும். அவளிடம் 'என்ன தப்பு பண்ணினான்' என்று கேட்காதீர்கள். எந்த ஸ்டேஷன், என்ன செக்‌ஷன், அடுத்த வாய்தா எப்போது என்று மெதுவாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தாளோடு அவளைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போங்கள். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் தர 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இந்தியச் சிறைகளில் 2022 கணக்குப்படி நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் அதில் உண்டு. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரையும் கொடுக்க 2023-ல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. எல்லாக் குற்றத்துக்கும் அது கிடையாது. யாருக்குப் பொருந்தும் என்று ஆணைக்குழுவில் சொல்வார்கள். நீங்கள் நாலு பேரும் உண்டியல் குலுக்கி இவ்வளவு திரட்ட எத்தனை வருஷம் ஆகும்?

உங்கள் கணவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்; அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பணம் கட்டச் சொல்லி உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். உள்ளே போகும் நாளில் ஒரு துண்டுச் சீட்டைக்கூட யாருக்காகவும் எடுத்துப் போகவும் கூடாது, வெளியே கொண்டுவரவும் கூடாது. அது குற்றம். கைதியின் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாணியம்பாடி பாய் வீட்டுப் பெண்ணும் போளூர் அம்மாவும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். உதவிக்கு ஈடாக ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஜெயில் நிர்வாகம் கதவைச் சாத்திவிடும், சாத்துவதும் சரிதான்.

அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தொரப்பாடியிலேயே பெண்கள் சிறையும் இருக்கிறது. அங்கிருந்து விடுதலையாகி வரும் ஒருத்தி வேலை கேட்டால், உங்கள் கடையில் காஜா எடுக்க, ஹெம்மிங் தைக்க அவளை உட்கார வைப்பீர்களா? வாடிக்கைக்காரர் யாராவது முகம் சுளித்தால் என்ன சொல்வீர்கள்? பதில் கிடைத்ததும் எழுதுங்கள்.