பிராந்திய ஜெட் ஓட்டுபவர்கள் ‘சின்ன’ விமானிகளா?

கேள்வி: குறுந்தூரச் சேவைக்கான சிறிய ஜெட் விமானங்களான சி.ஆர்.ஜே. 550, 700, 900 எவ்வாறு வேறுபடுகின்றன? அவற்றை ஓட்டுபவர்களை ஏன் இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள்?

50 இருக்கைகள் கொண்ட சி.ஆர்.ஜே. 200ஐ நீட்டியே 700உம், இன்னும் நீளமான 900உம் உருவாகின. 900இல் 90 பேர் வரை அமரலாம். 550 புதிய விமானமே அல்ல: 700இன் உடலில் இருக்கைகளை 50ஆகக் குறைத்து 2019இல் சேவைக்கு விட்டார்கள். இடமிருந்தும் ஏன் குறைக்க வேண்டும்? காரணம் தொழிற்சங்க ஒப்பந்தங்கள். அமெரிக்கப் பெருநிறுவனங்களின் விமானிகள் தங்கள் வேலையைக் காக்க, அந்நிறுவனங்களுக்காகக் குறுந்தூரச் சேவை நடத்தும் பிராந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு எல்லை வகுத்தார்கள்: பொதுவாக 76 இருக்கைகள், ஏறத்தாழ 39 தொன் எடை. 50 இருக்கைகளுக்கு மேற்பட்ட பிராந்திய ஜெட்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. 50 இருக்கை விமானங்களுக்கு அந்தப் பிடி தளர்வு.

ஆகவே ‘சிறியது’ என்பது ஒப்பந்தம் போட்ட கோடு. விமானியின் திறமையை அது அளப்பதில்லை.

வெள்ளவத்தையில் ஒரு திருமண வீட்டில், சிறிய விமானம் ஓட்டும் இளைஞர் ஒருவரிடம், “தம்பி, எப்போது உண்மையான விமானம் ஓட்டப் போகிறீர்கள்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வந்த ஏ.டி.ஆர். 72 விமானத்தில் எழுபது உயிர்கள் இருக்கும். அதுவும் ஜெட் அல்ல, இறக்கைகளில் சுழலும் உந்துவிசிறிகளால் பறக்கும் விமானம். குறுந்தூர விமானி ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவார். கண்டம் தாண்டுபவருக்குப் பெரும்பாலும் ஒரே தரையிறக்கம், அதையும் சக விமானிகளோடு பகிர வேண்டும். அமெரிக்காவில் 2013 முதல், பிராந்தியச் சேவையின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் கட்டாயம். பெருநிறுவனத் துணை விமானிக்கும் அதே விதிதான்.