நனைந்த மீன்

வணக்கம் ஐயா,

ஆறு மாதமாகக் களிமண் வேலை பழகுகிறேன். இயற்கையிலிருந்து எடுத்துக்கொள் என்கிறார் ஆசிரியர். வேப்பிலை, அரசிலை என்று ஈர மண்ணில் பதித்துச் சுட்டுப் பார்த்துவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் துணியில் குத்திய அச்சு மாதிரி தனியே நிற்கிறது. இயற்கையை அப்படியே பதிப்பதே தப்போ?

ம.

அன்புள்ள ம.,

தப்பே இல்லை. பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் பெர்னார் பாலிசி என்ற கலைஞர் செத்த பாம்பு, தவளை, மீன், சிப்பி எல்லாவற்றுக்கும் நேராகப் பிளாஸ்டர் அச்சு எடுத்தார். அதில் களிமண்ணை அழுத்தியெடுத்துப் பெரிய தட்டுகளில் வைத்தார். பாம்பின் செதில்கூடத் தெரியும். ஆனாலும் எதுவும் ஒட்டவைத்ததாகத் தோன்றுவதில்லை.

காரணம், அவர் உப்பளச் சதுப்புகளை அளந்து வரைபடம் போட்டவர். நீரோரம் நடந்து நடந்து, எந்த உயிர் எங்கே கிடக்கும் என்பது அவர் கண்ணில் படிந்துபோயிருக்கிறது. தட்டின் நடுமேட்டில் பாம்பு சுருண்டிருக்கும், சுற்றியோடும் நீரில் மீன், விளிம்பில் பெரணியும் பல்லியும். அப்புறம் கிளேஸ், அதாவது சூட்டில் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு. செம்பின் பச்சை, கோபால்ட்டின் நீலம், மாங்கனீசின் பழுப்பு. ஈயம் கலந்த அந்தப் பூச்சு சூளையில் உருகி, பள்ளம் பார்த்துத் தேங்கும். தண்ணீரும் அப்படித்தானே? நானூறு வருடம் கழித்தும் அந்த மீன் நனைந்தே இருக்கிறது. (ஈயம் நஞ்சு. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

எனாமல் என்ற வெள்ளை மேற்பூச்சைத் தேடிய காலத்தில் விறகு தீர்ந்துபோய், வீட்டு மேசையையும் தரைப்பலகையையும் சூளையில் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் சொல்வது அந்தக் கதையைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஊற்றும் ஆறும் மழையால்தான் உண்டாகின்றன, கல்லுக்குள் இருக்கும் சிப்பிகள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்று 1580இல் வந்த புத்தகத்தில் சொல்கிறார். லத்தீன் படிக்காதவர். சிப்பிக்கு அச்சு எடுத்த கைக்கு அது தெரிந்திருக்கிறது.

அதனால் வேப்பிலையை மரத்திலிருந்து பறிக்காதீர்கள். உதிர்ந்து கிடக்கும் இடத்துக்கு ஒரு வாரம் போய் உட்காருங்கள். காயும்போது எந்தப் பக்கம் சுருள்கிறது, மழைக்கு எதன்மேல் ஒட்டிக்கொள்கிறது, அடியில் என்ன ஊர்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் தட்டில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். சூளையிலிருந்து எடுத்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள்.