அல்ஜீப்ரா டூவில் ஒரு 'சி' – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். சில வருடங்களாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு முடிக்கப் போகிறான், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கணும் என்கிறான். மார்க் சராசரியான ஜிபிஏ நான்குக்கு 3.1. ரேங்க் வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பத்தாவதில் அல்ஜீப்ரா டூ, கெமிஸ்ட்ரி இரண்டிலும் 'சி'. இந்த வருடம் ப்ரீகால்குலஸில் 'பி', பிசிக்ஸில் 'ஏ'. கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1600-க்கு 1180, அதில் கணிதம் 800-க்கு 610.

நாங்கள் எம்ஐடி, ஜார்ஜியா டெக், யூடி ஆஸ்டின், பர்டூ நான்குக்கும் விண்ணப்பிக்கப் போகிறோம். கட்டுரை பிரமாதமாக இருந்தால் மார்க் குறைவை ஈடுகட்டிவிடலாம் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். ஆறாயிரம் டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம். நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. இவனோ சனி ஞாயிறு முழுக்க கராஜில் பழைய வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆறாயிரம் டாலரைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம், முதலில் இது.

நான் இயந்திரப் பொறியாளன், அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்தவன் அல்ல. ஆனால் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதே டெக்சஸில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டேன். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 சொற்கள். ஒரே மாதிரி மார்க் உள்ள இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அது உதவும். 610-ஐ 780 ஆக்காது. பதினேழு வயதுப் பையன் எழுதியதையும் நாற்பது வயது ஆலோசகர் எழுதியதையும் பிரித்துப் பார்க்க, தினமும் நூறு கட்டுரை படிப்பவருக்கு அரை நிமிடம் போதும்.

நீங்கள் சொன்ன நான்கில் எம்ஐடியை விட்டுவிடுங்கள். கொரோனா காலத்தில் எஸ்ஏடி வேண்டாம் என்றவர்கள் 2022 மார்ச்சில் மறுபடி கட்டாயமாக்கினார்கள். அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் இரண்டு செமஸ்டர் கால்குலஸும், கால்குலஸ் அடிப்படையிலான பிசிக்ஸ் இரண்டு செமஸ்டரும் முடித்தாக வேண்டும். அதைத் தாங்குவானா என்று பார்க்க அவர்களுக்கு மதிப்பெண் தேவைப்படுகிறது. இதில் பையனுக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

யூடி ஆஸ்டின் கதை வேறு. டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் முக்கால்வாசியை ரேங்க் அடிப்படையிலான தானியங்கி அனுமதியே எடுத்துக்கொள்கிறது. 2026 இலையுதிர் பருவத்திலிருந்து அந்தக் கோடு வகுப்பின் முதல் 6 சதவீதத்திலிருந்து முதல் 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அப்படி உள்ளே போகிறவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில்தான் இடம் உறுதி, கேட்ட துறையில் அல்ல. ஜார்ஜியா டெக், பர்டூ இரண்டில் ஏதாவது ஒன்றை அவனே ஆசைப்பட்டால் போடட்டும், விண்ணப்பக் கட்டணத்தோடு போகும்.

இன்னொரு கணக்கும் உங்களைக் குழப்பும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்கள் வெளியிடும், சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேரின் எஸ்ஏடி வரம்பைப் பார்த்துவிட்டு, 'கீழ்க்கோட்டுக்குக் கீழேயும் கால்வாசிப் பேர் சேர்ந்திருக்கிறார்களே, நம் பையன் அதில் ஒருவனாக இருக்கக் கூடாதா' என்று தோன்றும். அந்தக் கால்வாசி குலுக்கல் சீட்டில் விழுந்தது இல்லை. ஒவ்வொருவர் பின்னாலும் மார்க் தவிர வேறொரு வலுவான காரணம் இருந்திருக்கும்.

ஒரு சின்ன ஆறுதல் வேண்டுமானால்: 2024-இல் பள்ளி முடித்தவர்களின் எஸ்ஏடி சராசரி 1024. உங்கள் மகன் 1180. நம்மவர்கள் விருந்தில் கூடி நிற்கிற இடத்தில் மட்டும்தான் அது குறைந்த மார்க்.

இப்போது நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். அல்ஜீப்ரா டூவில் வந்த 'சி'யும் எஸ்ஏடியில் வந்த 610-உம் இரண்டு பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். இப்போதைய டிஜிட்டல் எஸ்ஏடியில் கணிதம் 70 நிமிடம், 44 கேள்விகள். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் அல்ஜீப்ராவும் அதற்கு அடுத்த கட்டமான இருபடிச் சமன்பாடு, அடுக்குக்குறிச் சார்பு வகையறாவும்தான். ஜியோமிதியும் டிரிக்னாமெட்ரியும் சேர்த்தே 15 சதவீதம்தான் வரும்.

கல்லூரிக்குப் போனாலும் இதே ஓட்டைதான் காத்திருக்கிறது. என் பெரியவன் கால்குலஸ் டூவில் தடுமாறிய ஒரு செமஸ்டரில் அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கீழே இருபடிக் கோவை உள்ள ஒரு பின்னத்தைத் தொகையிட வேண்டும். கோவையைக் காரணிகளாக உடைத்து, பகுதி பின்னங்களாகப் பிரித்து, மேலே வரும் மாறிலிகளைக் கண்டுபிடிக்க அரைப் பக்கம். கால்குலஸ் கடைசியில் ஒரே வரி, லாகரிதம் போட்டால் முடிந்தது. அந்த ஒரு வரி அவனுக்குத் தெரிந்திருந்தது. மேலே இருந்த அரைப் பக்கத்தில், குறி மாறிய இடத்தில், தவறு. பரிட்சைத்தாள் முழுக்க இதே கதை. (நானும் அந்தக் காலத்தில் மேத்ஸ் டூவில் அரியர் வைத்தவன்தான் என்பதை அன்று அவனிடம் சொல்லவில்லை.)

அதனால் இந்தக் கோடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அல்ஜீப்ரா டூ புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து கையால், தாளில், மறுபடி போடட்டும். எஸ்ஏடி திரையிலேயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருப்பதால் பிள்ளைகள் வரைபடம் போட்டு விடையைப் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். பரிட்சைக்கு அது உதவும், அரைப் பக்கத்துக்கு உதவாது. ஆகஸ்ட்டிலோ அக்டோபரிலோ மறுபடி எஸ்ஏடி எழுதட்டும். பன்னிரண்டாவதில் கால்குலஸ் எடுத்து அதில் நல்ல மார்க் வந்தால், பத்தாவதில் வந்த 'சி'க்கு அதைவிட நல்ல விளக்கக் கடிதம் கிடையாது.

வாசல்கள் பற்றி. டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 'இன்ஜினியரிங் அகாடமி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பையன் ஏ அண்ட் எம் மாணவனாகவே சேர்ந்து, முதல் ஒன்றிரண்டு வருடம் கணிதம், அறிவியல் பாடங்களைக் கூட்டு வைத்துள்ள கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) படிப்பான். பிறகு ஏ அண்ட் எம்மின் முதன்மை வளாகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்குப் போவான். எந்த வழியில் சேர்ந்தாலும் அங்கே முதல் வருடம் எல்லோரும் பொது இன்ஜினியரிங்தான். 3.75 ஜிபிஏ வைத்திருந்தால் முதலில் கேட்ட துறை உறுதி, இல்லையென்றால் போட்டி. ஆக, உள்ளே போன பிறகும் பந்தயம் உண்டு என்பதை அவனுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே யூடி ஆர்லிங்டன், யூடி டல்லாஸ். இன்னும் தள்ளிப் போனால் ஹூஸ்டன் பல்கலைக்கழகம், டெக்சஸ் டெக். இவற்றின் மெக்கானிக்கல் பட்டத்துக்கும் எம்ஐடியின் மெக்கானிக்கல் பட்டத்துக்கும் அங்கீகாரம் தருவது ஒரே அமைப்புதான், ஏபெட். பட்டம் முடிக்கும் கட்டத்தில் இன்ஜினியர் உரிமத்துக்காக எழுதும் எஃப்இ தேர்வில் 110 கேள்விகள். அதில் கல்லூரிப் பெயருக்கு மார்க் இல்லை.

கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாறுவதும் நல்ல வழிதான். ஆனால் பாட எண்ணைப் பார்த்துச் சேருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பிசிக்ஸ் என்று போட்டிருக்கிறதே என்று 1401-ஐ எடுத்துவிட்டார்கள். அது அல்ஜீப்ரா அளவிலான பிசிக்ஸ், இன்ஜினியரிங்குக்குக் கணக்கில் வராது. வேண்டியது 2425. கணிதத்தில் 2413, 2414. டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ்கள் முழுக்க இந்த எண்கள் பொது. ஒரு எண் மாறியதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போயிற்று, பணம் தனி.

2012 ஆகஸ்ட்டில் கியூரியாசிட்டி ஊர்தியைச் செவ்வாயில் கயிறு கட்டி இறக்கிய நாசா குழுவின் தலைவர் ஆடம் ஸ்டெல்ட்ஸ்னர் பள்ளியில் ஜியோமிதியில் தோற்றவர். ராக் இசைக்குழுவில் இருந்தவர். இரவில் நட்சத்திரக்கூட்டம் இடம் மாறியிருப்பதைக் கண்டு, காரணம் தெரிந்துகொள்ள மரின் கம்யூனிட்டி காலேஜுக்குப் போனார் என்பதுவரை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். எனக்குச் சுவாரசியம் அதற்குப் பிந்திய பகுதி. வானியல் படிக்கப் போனவர் பிசிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்தார், கணிதத்தைக் கீழிருந்து ஏறினார், 1990-இல் யூசி டேவிஸில் பட்டம், 1991-இல் கால்டெக்கில் முதுகலை, 1999-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம். பதினேழு வயதில் கால்டெக் அவரைச் சீண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் விண்ணப்பிக்கப் போவது 'நாங்கள்', யோசிப்பது 'நாங்கள்', கூச்சப்படுவதும் நீங்கள்தான். பையன் தானாகச் செய்வதாக நீங்கள் எழுதியது ஒன்றே ஒன்று, அதற்கு நீங்கள் வைத்த வினைச்சொல் 'வீணாக்குகிறான்'. அந்த மோட்டாரைக் கட்டுரையாக்கச் சொல்லவில்லை. தயவுசெய்து அதை அந்த ஆலோசகரிடம் சொல்லிவிடாதீர்கள், உடனே ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிக்கச் சொல்வார். கராஜுக்குப் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்று கேளுங்கள். சுருளா, கார்பன் பிரஷ்ஷா, வேகத்தைக் கட்டுப்படுத்துவதா? மூன்றாவது என்றால் அவனுக்கு அல்ஜீப்ரா டூ தேவைப்படும் இடம் அதுதான்.

அடுத்த கடிதத்தை அவனை எழுதச் சொல்லுங்கள், தமிழ் தகராறு என்றால் எந்த மொழியிலும் எழுதட்டும். மோட்டார் ஓடியதா இல்லையா என்று நீங்கள் சொல்லவே இல்லையே.