வளர்த்தவர் மேலேயே பாயும் சேவல்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 5 பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். சேவலுக்கு இப்போது 8 மாதம். குஞ்சாக இருந்தபோது தனியாக, கையிலேயே வைத்துச் செல்லமாக வளர்த்தோம். ஒரு மாதமாக, என் மனைவி முட்டை எடுக்கப் போனாலே பின்னாலிருந்து பாய்ந்து காலில் அடிக்கிறது. துடைப்பத்தால் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். இப்போது என்னைக் கண்டாலும் சிலிர்த்துக்கொண்டு வருகிறது. வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறாள். இந்தச் சேவலை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் குழந்தை. உங்களுக்குக் காலோடு நின்றுவிடும் பாய்ச்சல் அவளுக்கு முகம்வரை எட்டும். அலகோ காலில் உள்ள முள்ளோ கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்றிலிருந்து சேவல் திரியும் இடத்துக்கு அவள் போகக் கூடாது. வலை கட்டித் தடுங்கள். முடியாவிட்டால் அவள் வெளியே விளையாடும் நேரத்தில் சேவல் கூண்டுக்குள் இருக்கட்டும். பின்னால் சேவல் திருந்திவிட்டதாகத் தோன்றினாலும் இந்த ஏற்பாட்டைத் தளர்த்தாதீர்கள். கீழே சொல்லப்போகும் பழக்கம் எல்லாம் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

சரி, செல்லமாக வளர்ந்த சேவல் ஏன் இப்படி மாறியது? ஐந்தாறு மாதத்தில் சேவல் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் ஹார்மோன் ஏறுகிறது. பெட்டைகளைக் காப்பதும் போட்டிக்கு வரும் இன்னொரு சேவலை விரட்டுவதும் அதற்குத் தலையாய வேலையாகிவிடுகிறது. பெரிய சேவலும் முதிர்ந்த பெட்டைகளும் இருக்கும் கூட்டத்தில், துள்ளும் இளஞ்சேவலை அவை கொத்தியே அடக்கிவைக்கும். உங்கள் சேவலுக்கு அந்த வளர்ப்பு கிடைக்கவில்லை. அதற்கு மனிதர்மேல் பயமும் இல்லை. கையில் வளர்ந்ததால் உங்களையும் தன் இனமாகவே எண்ணுகிறது, அதனால்தான் உங்களோடு பலத்தைச் சோதித்துப் பார்க்கிறது. கொஞ்சி வளர்த்தால் சாதுவாக இருக்கும் என்பது பெட்டைகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சேவல் குஞ்சுக்கு அந்தக் கொஞ்சல் பல நேரம் எதிராகவே முடிகிறது.

உங்கள் மனைவியைக் குறிவைப்பதற்கும் காரணம் இருக்கிறது. கோழிகளுக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். முட்டைக்காகக் கூட்டுக்குள் கைவிடுகிறவர் அவர்தான். உள்ளே இருக்கும் பெட்டை கத்தினால், அது சேவலுக்கு ஆபத்துக்கான அழைப்பு. முதல்முறை பாய்ந்தபோது அவர் பதறிப் பின்வாங்கியிருந்தால், தான் ஜெயித்துவிட்டதாகச் சேவல் பதிந்துவைத்திருக்கும். ஆடும் வாளி, பழக்கமில்லாத செருப்பு, வேகமான நடை இவையும் தூண்டிவிடும்.

அடித்தால் ஏன் அடங்கவில்லை என்று கேட்பீர்கள். அடி விழுந்தால், எதிராளி சண்டைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான் என்றுதான் சேவல் எடுத்துக்கொள்ளும். காயம்படும் வரை திரும்பத் திரும்ப வரும். ஓடினாலோ வெற்றி அதற்கு. ஆகவே அடிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. போட்டியாளராக இல்லாமல், அசைக்க முடியாத ஓர் ஆளாக நீங்கள் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பாய்வதற்கு முன் சேவல் அறிகுறி காட்டும். ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்தித் தரையில் உரசியபடி பக்கவாட்டில் சுற்றிவரும். பெட்டையைச் சுற்றிவரும்போதும் இதே ஆட்டம்தான். ஆளைப் பார்த்து ஆடினால் அது சவால். அப்புறம் தலையைத் தாழ்த்தி, கழுத்து இறகைக் குடைபோல விரித்து உற்றுப் பார்க்கும். சில சேவல்கள் கண்ணை உங்கள்மேல் வைத்துக்கொண்டே தரையைக் கொத்துவதுபோலப் பாவனை செய்யும். சிறகு தாழும் அந்தக் கட்டத்திலேயே நீங்கள் செயல்பட்டால் பாதிப் பாய்ச்சல் தவிர்ந்துவிடும்.

உள்ளே போகும்போது தடித்த முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள். கையில் ஒரு அகலமான தட்டோ பலகையோ கேடயமாக இருக்கட்டும். அதை வீசக் கூடாது. காலுக்கு முன்னால் பிடித்தால் போதும். சேவல் நிற்கும் இடத்தை நோக்கி நிதானமாக, நேராக நடங்கள். அது விலக வேண்டும், நீங்கள் அல்ல. அது திரும்பி வேறு பக்கம் மேயப் போனால் உடனே விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம். பாய்ந்தால் கேடயத்தில் மோதட்டும். ஓர் அடி கூடப் பின்வைக்காமல் நில்லுங்கள். அது அடங்கி நகர்ந்த பிறகே உங்கள் வேலையைத் தொடருங்கள். அதுவரை முதுகைக் காட்டாதீர்கள். தினமும் இரு வேளை, நீங்களும் மனைவியும் ஒரே மாதிரி இதைச் செய்ய வேண்டும். ஒருவர் நின்று இன்னொருவர் ஓடினால் எந்தப் பலனும் இருக்காது.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அடங்கும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை நம்மைப்போல் கோழிக்குக் கிடையாது. தலைகீழாகப் பிடித்தால் உள்ளுறுப்புகள் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சு திணறும். அடங்கியதுபோலத் தெரிவது அந்த அவதிதான். தூக்க வேண்டுமானால் இருட்டிய பிறகு, அடைந்திருக்கும்போது எடுங்கள். இருட்டில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு, அதனால் போராடாது. இரண்டு சிறகையும் சேர்த்து அக்குளில் அணைத்து, உடல் தளரும் வரை பிடித்திருந்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். சில சேவல்களுக்கு இது நன்றாகவே பலன் தருகிறது.

முட்டை எடுக்கும் நேரத்தில் தூரத்தில் கொஞ்சம் தீனி வீசுங்கள். நல்ல சேவல் தீனியைக் கண்டதும் கொக் கொக் என்று அழைத்துப் பெட்டைகளை முதலில் தின்னவிடும். அதன் கவனம் அங்கே போய்விடும். பெட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தால் சேவலின் கண்முன் பிடிக்காதீர்கள்.

இளஞ்சேவலுக்கு 5 பெட்டை குறைவு. 8 முதல் 10 இருப்பது நல்லது. பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அளவுக்கு மீறி மிதிக்கிறது என்று பொருள். ஆனால் பெட்டைகளைக் கூட்டியதால் மட்டும் ஆள்மேல் பாய்வது நின்றுவிடாது.

காலில் உள்ள முள் இந்த வயதில் சிறிதாகத்தான் இருக்கும். கூர் தெரிந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருப்பதால் அடியோடு வெட்டவே கூடாது. மழுக்கினால் காயம் குறையும், குணம் மாறாது. கூடவே பாதத்தில் வீக்கம், இறகுக்குள் பேன், கண்ணில் வெண்மை உண்டா என்று பார்த்துவிடுங்கள். சாதுவாக இருந்த வயதான சேவல் திடீரென்று பாயத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை வலியும் பார்வைக் குறைவும்தான்.

முள் குத்திய காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுச் சில நிமிடங்கள் கழுவுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கண்ணருகே பட்டால் உடனே போக வேண்டும். காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தச் சேவலிடம் போகவே வேண்டாம். அப்படிப் புடைத்த நரம்பில் சேவல் கொத்தி, ரத்தப்போக்கால் ஒரு மூதாட்டி இறந்ததை 2019இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிக அரிதான நிகழ்வுதான், ஆனாலும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழந்தையையும் சேவலையும் வேலி போட்டு உறுதியாகப் பிரிக்க முடியுமானால் மூன்று நான்கு வாரம் முயன்று பாருங்கள். பாய்ச்சல் குறைந்துகொண்டே வந்தால் தொடரலாம். பிரிக்க வழியில்லை என்றால், வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். பெட்டைகள் சேவல் இல்லாமலே முட்டையிடும். குஞ்சு பொரிக்க மட்டும்தான் சேவல் வேண்டும். வேறொருவருக்குக் கொடுப்பதானால் பாயும் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், அங்கேயும் குழந்தைகள் இருக்கலாம். கறிக்கு அனுப்ப முடிவு செய்தாலும் அதில் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. எந்த முடிவானாலும் இந்தச் சேவலோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். இந்தக் குணம் ஓரளவு வம்சத்திலும் இறங்கும். அடுத்த சேவல் குஞ்சை முதல் நாளிலிருந்தே பெரிய கோழிகளின் கூட்டத்தோடு வளரவிடுங்கள்.