ரவுட்டர் அடாப்டர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ரவுட்டருடன் வந்த 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் பழுதாகிவிட்டது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று கையில் இருக்கிறது. மாட்டினால் மின்னோட்டம் அதிகமாகப் பாய்ந்து ரவுட்டர் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. ஆம்பியர் என்பது அடாப்டரால் தரக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு எடுப்பது என்பது ரவுட்டரின் பாடு. கிணறு பெரிது என்பதற்காகக் குடம் பெருத்துவிடாது. வோல்ட் மட்டும் மாறக்கூடாது. லேபிளில் உள்ள சிறு வட்டப் படத்தையும் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு கூட்டல் குறியில் முடிந்தால் பிளக்கின் நடுத்துளை பாசிட்டிவ். ரவுட்டரின் அடியில் இருக்கும் படமும் அப்படியே இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து அணைந்து எரிகிறது. மல்டிமீட்டரில் அடாப்டர் 12.1 வோல்ட் காட்டுகிறது. ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 12.1 சுமை இல்லாமல், அதாவது அடாப்டரிலிருந்து எதுவும் மின்னோட்டம் எடுக்காதபோது, எடுத்த அளவு. சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூச்சு சீராகத்தான் இருக்கும். 12 ஓம், 20 வாட் மின்தடை ஒன்றைப் பிளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தால் ஏறக்குறைய 1 ஆம்பியர் ஓடும். அந்த நிலையில் அளந்து பாருங்கள். மின்தடை கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். சில விநாடிகள் போதும். என் வீட்டில் இதே தொல்லை தந்த அடாப்டர், சுமை ஏறியதும் 12இலிருந்து 9 வோல்ட்டுக்குச் சரிந்தது. பிரித்துப் பார்த்தேன். வெளியீட்டுப் பக்கத்து மின்தேக்கியின் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிறு உருளைப் பாகம்) தட்டையான தலை உப்பி, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. வருடக்கணக்காக இரவும் பகலும் சூட்டில் கிடந்தால் உள்ளே திரவம் கொண்ட எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கி உலர்ந்துபோவது இயல்பு. குற்றம் சுமத்தப்படுவதோ பெரும்பாலும் ரவுட்டர்மேல்தான். ஆனால் என்னைப் பார்த்து நீங்களும் பிரிக்க வேண்டாம்: சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் சிறிது நேரம் தேங்கியிருக்கும். புதிய அடாப்டர் வாங்குவதே மேல்.

கேள்வி: புதிய அடாப்டரின் பிளக் உள்ளே போகிறது, தொட்டால் விட்டுவிட்டு இயங்குகிறது.

பதில்: இந்தப் பிளக்கில் இரு வகை உண்டு. வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர்தான்; உள்துளை ஒன்றில் 2.1, மற்றதில் 2.5. 2.5 துளைப் பிளக்கை, 2.1 பிளக்குக்கான ரவுட்டர் ஜாக்கில் (பிளக் செருகும் இடம்) செருகினால் தளர்ந்து ஆடும். சரியான முனையை மாற்றுங்கள், காகிதத்தைத் திணிக்காதீர்கள்.

கேள்வி: மின்வெட்டின்போது 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலிருந்து ரவுட்டருக்கு நேரடியாக இணைப்புக் கொடுக்கலாமா?

பதில்: பேட்டரியின் பெயர்தான் 12 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். தீரும் தறுவாயில் 10.5க்கு இறங்கும். பல ரவுட்டர்கள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனாலும் உள்ளே 16 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் மின்தேக்கி போட்டிருந்தால் 14.4க்கும் அதற்கும் இடைவெளி குறைவு, எனக்கு மனம் ஒப்பாது. மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வல்ல மாற்றிப் பலகை ஒன்றை இடையில் வைத்து 12க்குத் திருகி நிறுத்துங்கள். பாசிட்டிவ் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பேட்டரியில் ஷார்ட் ஆனால் கம்பியே பழுக்கக் காய்ந்துவிடும்.

கேள்வி: அடாப்டர் கம்பியை 10 மீட்டர் நீட்டலாமா?

பதில்: மெல்லிய கம்பியானால் வேண்டாம். 24 கேஜ் (ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்) செம்புக் கம்பியில் போக வர 20 மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 ஓம், 1 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் காணாமல் போகும். அடாப்டரை ரவுட்டர் அருகிலேயே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கத்துக் கம்பியை நீட்டுங்கள்.