கடைக் காபியும் இரண்டு வடையும்

கேள்வி: எனக்கு 64 வயது, ஊர் தஞ்சாவூர். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7.9. தினமும் மாலை ஆறு மணிக்கு மூன்று நண்பர்களோடு ஓட்டலில் இரண்டு மெதுவடை, இரண்டு ஃபில்டர் காபி. வாரம் ஒருநாள் அசோகா அல்வா. அன்றைக்கு மட்டும் சர்க்கரை மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். "அதே பொடி, அதே பால், வீட்டிலேயே குடியுங்களேன் மாமா" என்கிறாள் மருமகள். வீட்டுக் காபியில் அந்த ருசி வருவதில்லை. இரவு ஒரு மணிவரை தூக்கமும் பிடிப்பதில்லை. ஓட்டலை விட்டுவிட வேண்டுமா டாக்டர்?

பதில்: முதலில் அந்தக் கூடுதல் மாத்திரையை விடுங்கள், இன்றைக்கே. அது கிளிமிபிரைடு வகையாக இருந்தால், அல்வாவின் சர்க்கரை ஏறி இறங்கிய பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, நடு இரவில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நினைவுகூடத் தப்பலாம். இதில் பேரம் கிடையாது.

ஓட்டலை விட வேண்டாம்.

மருமகள் சொல்வதில் தவறில்லை. பொடியும் பாலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குக்கு உரியது. மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது நுரையோடு மணமும் எழும்பி, டம்ளர் மேசைக்கு வருவதற்கு முன்பே உங்களை எட்டிவிடுகிறது. வீட்டில் காலையில் இறக்கிய டிகாக்‌ஷனைத்தான் பெரும்பாலும் மாலையில் சுடவைக்கிறோம். நானும் அப்படித்தான் குடிக்கிறேன், குறை சொல்லவில்லை. போதாததற்கு, வீட்டில் எதிரே உட்கார்ந்து அரசியல் பேச ஆள் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு தூக்கமில்லை, பசியில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர், விசாரித்தால், அன்றைக்கு யாரோடும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கி எச்பிஏ1சியைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

மாற்ற வேண்டியது மேசைக்கு வருவதை. ஓட்டல் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். இரண்டு டம்ளருக்கு 20. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் நோயில்லாதவர்களுக்கு. "சர்க்கரை இல்லாமல்" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

தூக்கத்துக்கு வருவோம். உடலுக்குள் போன காஃபினில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாக. ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்கு நீங்கள் பாயை விரிக்கும்போதும் உள்ளே விழித்திருக்கிறது. கச்சேரியை நான்கு மணிக்கு மாற்ற நண்பர்களைச் சம்மதிக்க வையுங்கள். காபி ஒன்றோடு நிறுத்துங்கள். சிக்கரியில் காஃபின் கிடையாது என்பதால், சிக்கரி கலந்த காபியில் அந்த அளவுக்குக் காஃபின் குறைவுதான்.

டபராவை ஒதுக்கிவிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்தது. டபரா அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. ஆற்றிக் குடியுங்கள்.

வடை? உளுந்தில் புரதம் உண்டு, அதன்மேல் எனக்குக் கோபமில்லை, எண்ணெய்மேல்தான். காலையில் பூரி பொரித்த எண்ணெயே மாலைவரை காய்ந்துகொண்டிருக்கும் கடைகள் உண்டு. வாணலியில் எண்ணெய் கறுத்து, புகைந்து, நுரைத்தால் அன்றைக்கு வடை வேண்டாம். சுண்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். மற்ற நாட்களில் ஒன்று போதும். அசோகாவில் நெய்யும் சர்க்கரையும்தான் ராஜ்யம், பாசிப்பருப்பு பெயருக்கு. மாதம் ஒருமுறை, நால்வருக்கும் ஒரு தட்டு.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்குமே. ஒருநாள் உங்கள் பழைய கணக்கிலேயே சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் ஒரு வடை, சர்க்கரையில்லாக் காபி. அதே இடைவெளியில் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டுபோய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டிப் போட்ட கதையையும் அவரிடம் மறைக்காதீர்கள்.